கட்டடம் போச்சு, விளக்கு இருக்கு! தெரியுமா?

உலகின் ஏழு பழைய அதிசயங்களில் ஒன்று, உள்ளே அகல் வைக்கும் சுடுமண் லாந்தராக இன்றைக்கும் இருக்கிறது. தெரியுமா?

அலெக்சாந்திரியா துறைமுகத்தில் நின்ற ஃபாரோஸ் கலங்கரை விளக்கத்தைத்தான் சொல்கிறேன். கி.மு. 280 வாக்கில், இரண்டாம் தாலமியின் ஆட்சியில் கட்டி முடித்தார்கள். உயரம் 100 மீட்டருக்கும் மேல். அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, உச்சியில் உருளை என்று மூன்று அடுக்கு. நிலநடுக்கங்கள் மாற்றி மாற்றி வந்து உலுக்கியதில் 14ஆம் நூற்றாண்டோடு அதன் கதை முடிந்தது. சிதறிக் கிடந்த கல்லையும் விட்டுவைக்காமல், 1477இல் மம்லூக் சுல்தான் கைத்பே அதே இடத்தில் கோட்டை கட்டிவிட்டார்.

ஆனால் கோபுரம் கம்பீரமாக நின்ற காலத்திலேயே அந்த ஊர்க் குயவர்கள் ஒரு வேலை செய்து வைத்திருந்தார்கள். மூன்று அடுக்கையும் அப்படியே சுருக்கி, சுடுமண் லாந்தர் ஆக்கினார்கள். உள்ளே ஒரு சின்ன அகல். சுவரில் வெட்டிய துளைகள் வழியாக வெளிச்சம். அப்படி ஒன்று அலெக்சாந்திரியாவின் கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபாரோஸ் எப்படி இருந்திருக்கும் என்று இன்று படம் வரைகிறவர்கள், பழைய நாணயங்களோடு சேர்த்து இந்த மண் விளக்கையும்தான் பார்த்து வரைகிறார்கள். நூறு மீட்டர் கோபுரத்துக்கு ஒரு குயவர் செய்த விளக்கு சாட்சி!

கட்டடத்தைப் பார்த்து விளக்குச் செய்வது ஏதோ ஒரு ஊரின் விசித்திரப் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் முழுக்க நடந்திருக்கிறது. யோசித்தால் காரணமும் புரியும். தீ உட்காரத் தளம் வேண்டும், காற்றை மறிக்கச் சுவர் வேண்டும், வெளிச்சம் போகச் சன்னல் வேண்டும், மழைக்குக் கூரை வேண்டும், புகை வெளியேற வழி வேண்டும். விளக்குச் செய்கிறவரும் வீடு கட்டுகிறவரும் போடும் கணக்கு ஒன்றேதான். குடியிருப்பது மட்டும் தீ.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ள ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் ஒரு முழுத் தேவாலயமே தொங்குவிளக்காக இருக்கிறது. தெரியுமா? வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில், 5ஆம் நூற்றாண்டில் செய்த வெண்கல விளக்கு அது. வரிசையாகத் தூண்கள், வளைவுகள், சாய்ந்த கூரை, ஒரு கோடியில் பீடம் இருக்கும் அரைவட்ட மாடம். அந்தக் காலத்துப் பசிலிக்கா தேவாலயத்தின் ஒரு பகுதியையும் விடாமல் வார்த்திருக்கிறார்கள். இப்படிப் பழமையான தேவாலயங்களில் பல இன்று அடித்தளமாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. கூரை எப்படி உட்கார்ந்திருந்தது என்று அந்த அடித்தளத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. விளக்கைப் பார்த்தால் தெரிகிறது.

சரி, இனி வருவதற்கு நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நகரத்தையே, மதில், வாசல், கொத்தளம் எல்லாவற்றோடும், கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டார்கள். தெரியுமா?

ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் என்று ஓர் ஊர். 11ஆம் நூற்றாண்டில் அங்கே ஆயராக இருந்தவர் ஹெசிலோ. அவர் பேராலயத்துக்குச் செய்வித்த விளக்கு ஒரு பிரம்மாண்டமான வளையம். குறுக்களவு 6 மீட்டருக்கு மேல்! கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தேர்ச்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கும். அந்த வளையம்தான் நகரத்தின் மதில். அதில் 12 வாசல், 12 கோபுரம். மதிலின் மேல் விளிம்பில் 72 மெழுகுவர்த்தி. வாசலுக்கும் கோபுரத்துக்கும் தீர்க்கதரிசிகள், அப்போஸ்தலர்கள் பெயர் எழுதியிருக்கிறது. எந்த நகரம் இது? விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில், வானத்திலிருந்து இறங்கி வருவதாகச் சொல்லப்படும் புதிய எருசலேம். இறங்கி வரும் நகரம் என்பதால் தரையில் வைக்காமல் தொங்கவிட்டிருக்கிறார்கள். என்ன யோசனை பாருங்கள்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த நகரத்துக்குச் சூரியனும் வேண்டாம், விளக்கும் வேண்டாம் என்று அதே நூல் சொல்கிறது. விளக்கே தேவைப்படாத நகரத்தின் வடிவத்தில்தான் இவ்வளவு பிரம்மாண்டமான விளக்கைச் செய்திருக்கிறார்கள்.

1945 மார்ச் 22 அன்று குண்டுவீச்சில் ஹில்டெஸ்ஹைம் பேராலயம் இடிந்து விழுந்தது. சுவரும் கூரையும் போயின. விளக்கு தப்பியது. பின்னால் ஆலயத்தை எழுப்பி விளக்கை மறுபடி மாட்டினார்கள். 900 வயதான விளக்குக்குப் புதுக் கட்டடம்!

இதே வகை விளக்கு இன்னொன்று ஆகன் நகரப் பேராலயத்தில் தொங்குகிறது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் கெட்டிக்கார விளக்கு இதுதான். சார்லமேன் பேரரசர் 800ஆம் ஆண்டை ஒட்டி அங்கே எழுப்பிய எட்டுப்பட்டை ஆலயம், இத்தாலியின் ராவென்னாவில் உள்ள சான் விட்டாலே ஆலயத்தை மனத்தில் வைத்துக் கட்டியது. மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 'செந்தாடி' என்று பெயர் வாங்கிய பேரரசர் ஃபிரெடரிக் பார்பரோசா, தன் மனைவி பியாட்ரிசோடு சேர்ந்து அதற்கு ஒரு விளக்குக் கொடுத்தார். அவர் சும்மா கொடுக்கவில்லை. 1165இல் சார்லமேனைப் புனிதராக அறிவிக்கச் செய்தவரே அவர்தான். அந்தப் பெருமையில் தனக்கும் ஒரு பங்கு வேண்டாமா?

மற்ற வளைய விளக்குகள் வட்டமானவை. இது வட்டமில்லை. எட்டு வில்களைச் சேர்த்துப் பூவிதழ்போல் வளைத்த வளையம். ஏன் எட்டு? அது தொங்கும் ஆலயத்துக்கு எட்டுப் பக்கம் என்பதால்! இது பின்னால் வந்த ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்ன விளக்கம் இல்லை. இந்தக் கொடை ஆலயத்தின் அளவைப் பின்பற்றி வடிவம் எடுத்தது என்று அந்த விளக்கிலேயே லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டடத்தைப் பார்த்துச் செய்தேன் என்று ஒரு விளக்கு தன் வாயாலேயே சொல்கிறது.

எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். எட்டு வில். எட்டுப் பெரிய கோபுரம், எட்டுச் சிறிய கோபுரம். 48 மெழுகுவர்த்தி, அதாவது வில் ஒன்றுக்கு ஆறு. கோபுரங்களின் அடித்தகடுகள் 16. அவற்றில் எட்டில் இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகள், மற்ற எட்டில் மலைப்பொழிவின் பேறுகள். பொன்முலாம் பூசிய செம்புத் தகட்டில் அந்தச் சித்திரங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். விளக்கு உயரத்தில் தொங்குகிறது, நேர் கீழே நின்று தலையை நிமிர்த்தினால் மட்டுமே கண்ணில் படும் இடம். அந்த இடத்துக்கு இவ்வளவு நுணுக்கம்! விபெர்ட் என்ற பொற்கொல்லரின் கைவேலை என்கிறார்கள். செதுக்கிய தகடு என்றால் மை தடவிக் காகிதத்தில் ஒற்றலாம் அல்லவா? 19ஆம் நூற்றாண்டில் அப்படி ஒற்றிப் படிகளும் எடுத்தார்கள். விளக்கின் அடிப்பாகம் அச்சுக்கட்டையான கதை வேறு எங்காவது உண்டா?

எட்டு என்றதும் ஜப்பான் ஞாபகம் வருகிறது. நாரா நகரில் தோதாய்-ஜி ஆலயம். பெரிய புத்தர் இருக்கும் மண்டபத்துக்கு நேர் எதிரே, நாலரை மீட்டருக்கு மேல் உயரமாக ஒரு வெண்கல விளக்கு நிற்கிறது. எட்டுப்பட்டைக் கட்டடம் போலவே எட்டுப் பக்கம், இறவாரம் வைத்த கூரை, கூரை உச்சியில் மணி. பக்கத் தகடுகளில் சல்லடை வேலை, அதன் மேல் குழல் முதலான வாத்தியங்கள் இசைக்கும் போதிசத்துவர்கள். புத்தர் சிலைக்கு 752இல் கண் திறந்தார்கள். விளக்கும் அந்தக் காலத்தது. எதிரே இருந்த மண்டபம் 1180இல் போரில் எரிந்தது. மறுபடி கட்டினார்கள். 1567இல் மறுபடி போர், மறுபடி நெருப்பு. இப்போது நாம் பார்க்கும் மண்டபம் 1709இல் முடிந்தது. இரண்டு முறை மண்டபம் சாம்பலானதையும், இரண்டு முறை எழுந்ததையும் அந்த விளக்கு எதிரிலேயே நின்று பார்த்திருக்கிறது. தீயைச் சுமக்கவென்றே பிறந்தது, தீயில் போகவில்லை!

ஜப்பானியத் தோட்டங்களில் பார்க்கும் கல்விளக்குகளும் ஆலயத்துக்கென்று பிறந்தவைதான். அடிக்கல், தூண், மேடை, தீ வைக்கும் அறை, குடைபோன்ற கூரை, உச்சிமணி என்று அடுக்கினால் சின்னதாக ஒரு கோயில் தயார். 16ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் இவற்றைத் தங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அலங்காரப் பொருளாயின. நாராவின் கசுகா ஆலயத்தில் மட்டும் கல்லும் வெண்கலமுமாக ஏறத்தாழ 3,000 விளக்குகள். பிப்ரவரியில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை எல்லாவற்றையும் ஏற்றுகிறார்கள். கொரியாவின் ஹ்வாஒம்சா ஆலயத்தில் 6 மீட்டரைத் தாண்டிய கல்விளக்கு உண்டு. அங்கேயும் தீ வைக்கும் அறைக்கு எட்டுப் பக்கம். எட்டு நம்மை விடாது போலிருக்கிறது.

ஒரு விளக்கைக் கொடுத்து ஒரு மனிதனைச் சிறையிலிருந்து மீட்டார்கள். தெரியுமா?

பீட்டர் நாட்ஸ் என்பவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தைவான் ஆளுநராக இருந்தவர். ஜப்பானிய வணிகர்களோடு மோதி ஊர்ப்பட்ட வம்பை இழுத்து வைத்தார். கம்பெனி வேறு வழியில்லாமல் 1632இல் அவரையே ஜப்பானிடம் ஒப்படைத்தது. ஆண்டுகள் ஓடின. 1636இல் ஆம்ஸ்டர்டாமில் வார்த்த, 30 கிளை கொண்ட பெரிய பித்தளைக் கொத்துவிளக்கு ஒன்றை டச்சுக்காரர்கள் ஜப்பானை ஆண்ட ஷோகுன் இயேமிட்சுவுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். தன் தாத்தா இயேயாசுவின் சமாதி ஆலயத்தை நிக்கோவில் வாரி இறைத்துக் கட்டிக்கொண்டிருந்த ஷோகுனுக்கு விளக்கு அவ்வளவு பிடித்துப்போனது. நாட்ஸ் விடுதலை!

ருசி கண்ட டச்சுக்காரர்கள் 1643இல் இன்னொன்றை அனுப்பினார்கள். இந்த முறை சுழலும் விளக்கு. வடிவம்? எட்டுப்பட்டை மண்டபம். வேறென்ன! அதில் ஷோகுனின் தொகுகாவா குடும்பத்து மூவிலைச் சின்னத்தையும் பொறித்தார்கள். ஆனால் தலைகீழாக! அந்தச் சின்னத்துக்கு எது மேல், எது கீழ் என்று அதைச் செய்த கைவினைஞர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆளும் குடும்பத்தின் முத்திரையைக் கவிழ்த்து வைப்பது விளையாட்டா? ஆனாலும் ஷோகுன் தரப்பில் விளக்கைத் திருப்பி அனுப்பவில்லை. இன்றும் நிக்கோவில் அதே தலைகீழ்ச் சின்னத்தோடு நிற்கிறது.

தவறு என்றதும் ஏதென்ஸ் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. கி.மு. 335-334இல் லைசிக்ரடீஸ் என்ற செல்வந்தர், தான் செலவு செய்த பாடற்குழு பரிசு வென்றதைக் கொண்டாட ஒரு சின்ன வட்ட மண்டபம் கட்டினார். ஆறு கொரிந்தியத் தூண், மேலே கூம்பிய உச்சி. அதன் நோக்கமே மறந்துபோன பின்னாளில், பார்க்க லாந்தர்போல் இருக்கிறதே என்று 'டெமாஸ்தனிஸின் லாந்தர்' என்று ஊரார் பெயர் வைத்துவிட்டார்கள். நாவன்மை படைத்த டெமாஸ்தனிஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, விளக்குக்கும் சம்பந்தம் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் கப்புச்சின் துறவிகள் வாங்கி மடத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்த மடத்தில் கவிஞர் பைரனும் தங்கியிருக்கிறார்.

ஆனால் பாரிசில் இந்தத் தவறு மெய்யானது. நெப்போலியன் காலத்தில் பாரிசை அடுத்த செயின்ட்-க்ளூ பூங்காவின் மேட்டில், அதே மண்டபத்தின் சுடுமண் நகலை ஒரு கோபுரத்தின் மேல் ஏற்றி வைத்தார்கள். பேரரசர் ஊரில் இருக்கும் இரவுகளில் அதில் விளக்கு எரியும். விளக்கே இல்லாத கட்டடத்துக்கு விளக்கு என்று பெயர் வந்து, பெயரை நம்பி நகல் எடுத்து, நகல் கடைசியில் விளக்காகியேவிட்டது! 1870இல் பிரஷ்யப் படையோடு நடந்த போரில் நகல் அழிந்தது. இந்த ஒரு கதையில் மட்டும் விதி தலைகீழ். விளக்கு போனது, ஏதென்ஸில் கட்டடம் நிற்கிறது.

பிரான்ஸின் மேற்குப் பகுதியில் 12ஆம் நூற்றாண்டு மயானங்களில் 'இறந்தோர் விளக்கு' என்று கல்கோபுரங்களே உண்டு. ஃபெனியூ என்ற சிற்றூரில் இருப்பது பதினொரு தூண்களை ஒன்றாகக் கட்டி நிறுத்தினாற்போல் இருக்கும். உள்ளே சுழற்படி. ஒருவர் ஏறிப்போய் உச்சியில் விளக்கு வைத்துவிட்டு இறங்க வேண்டும். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அந்த ஒரு வேலைதான்.

மேசை விளக்கு ஒன்று 75 லட்சம் டாலருக்கு விலை போனது. தெரியுமா?

2025 மே மாதம், நியூயார்க்கில் சோத்பிஸ் ஏலம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், இல்லினாய் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் சூசன் லாரன்ஸ் டானா என்ற செல்வச் சீமாட்டிக்கு 1902 தொடங்கிக் கட்டிய வீட்டுக்காக வடிவமைத்த விளக்கு அது. இரண்டு வெண்கலத் தூண்கள், அவற்றின் மேல் தாழ்ந்து அகன்ற கண்ணாடிக் கூரை. நூற்றுக்கணக்கான கண்ணாடித் துண்டுகளை உலோகப் பட்டையில் பொருத்திய அந்தக் கூரையைப் பார்த்தால், ரைட் கட்டிய வீட்டின் கூரையையே எடுத்து மேசையில் வைத்ததுபோல் தெரியும். அந்த வகையில் தெரிந்தவை இரண்டே இரண்டு. இன்னொன்று அந்த வீட்டிலேயே இருக்கிறது.

சரித்திரக் கட்டடம் இதில் எங்கே வந்தது? 1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. விவேகானந்தர் பேசிய சர்வ சமய மாநாடு கூட அதை ஒட்டி நடந்ததுதான். அங்கே ஜப்பான் அரசு ஒரு மண்டபம் கட்டியிருந்தது. உஜி நகரில் 1053இல் எழுந்த ஃபீனிக்ஸ் மண்டபத்தை மாதிரியாக வைத்து. அந்தத் தாழ்ந்த, சிறகு விரித்த கூரையை இளம் ரைட் அங்கேதான் பார்த்தார். அவருடைய வீடுகளில் கூரை ஏன் அப்படித் தரையை நோக்கிப் பரந்து கிடக்கிறது என்று கேட்டால் பலரும் கைகாட்டுவது அந்த மண்டபத்தைத்தான். சிகாகோவில் கட்டிய நகல் மண்டபம் 1946இல் எரிந்துபோனது. கூரை விளக்கில் இருக்கிறது, விலையோடு.

நம் பக்கம் வருவோம். கோவாவின் மங்கேஷி கோயிலுக்குப் போனவர்கள், முற்றத்தில் ஏழு அடுக்காக எழுந்து நிற்கும் வெள்ளைத் தீபஸ்தம்பத்தைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. விளக்கு வைக்கவென்றே ஒரு மாடமாளிகை. எத்தனை பட்டை என்று கேட்காதீர்கள். அதே எட்டுதான்! கேரளக் கோயில்களில் கருவறையைச் சூழ்ந்த சுற்றுக்கட்டடத்தின் வெளிப்புறத்தில், மரச்சட்டத்தில் வரிசை வரிசையாக விளக்குகள் பதித்த விளக்குமாடம் உண்டு. ஏற்றிவிட்டால் சுவர் கண்ணுக்குத் தெரியாது, கட்டடம் முழுக்கத் தீச்சுடர்.

தமிழ்நாட்டுக் கோயிலில் தீபாராதனையின்போது அர்ச்சகர் தூக்கிக் காட்டும் அடுக்குத் தீபத்தை நின்று பார்த்திருக்கிறீர்களா? அகன்ற தட்டு கீழே, மேலே போகப் போகக் குறுகும் தட்டுகள். வாசலில் நாம் தாண்டி வந்த ராஜகோபுரத்தின் கணக்கு அப்படியே அர்ச்சகர் கையில்.

குத்துவிளக்கும் அப்படித்தான். கும்பகோணத்திலிருந்து திருவாரூர்ச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் போனால் நாச்சியார்கோயில். கல்கருடனுக்குப் பேர்போன ஊர். குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர். அங்கே பட்டறைக்குள் நுழைந்தால் முழு விளக்கு எதுவும் கண்ணில் படாது. ஒரு மூலையில் பீடங்கள், இன்னொரு மூலையில் தண்டுகள், வேறொரு பக்கம் தட்டுகள், தனியாக அன்னங்கள். காவிரியின் வண்டல் மண்ணைப் பதமாக நனைத்து, பெட்டியில் அடைத்து, அச்சை அழுத்தி எடுப்பார்கள். மண்ணில் பதிந்த பள்ளத்தில் உருக்கிய பித்தளை போகும். ஆறியதும் உடைத்து எடுத்தால் சொரசொரப்பாக, கறுப்பாக ஒரு துண்டு. அதைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டிச் சுழலவிட்டு உளி வைத்ததும் பொன்னிறச் சுருள் சுருளாக உதிரும். உள்ளிருந்து குடமும் இதழும் வளையமும் வெளிவரும். கோயில் தூணில் ஸ்தபதி கல்லில் எடுக்கும் அதே குடம், அதே இதழ். பீடம், தண்டு, தட்டு, உச்சி என்று கீழிருந்து மேலே அடுக்கிக் கட்டுவதும் கோயில் கட்டும் வரிசைதான். ஒரே வித்தியாசம், இங்கே சுண்ணாம்புச் சாந்துக்குப் பதில் மரை.

அந்த மரையில்தான் வேலைக்காரரின் கை தெரியும். ஒரு துண்டின் அடியில் ஆண் மரை, அடுத்ததன் தலையில் பெண் மரை. திருகி முடித்ததும் இணைப்பு எங்கே என்று நகத்தால் தடவினாலும் பிடிபடக் கூடாது. ஆளுயர விளக்கானாலும் தண்டு நூல் பிடித்தாற்போல் நிற்க வேண்டும். எல்லாத் துண்டும் தனித்தனியே வார்த்தவை, ஆனாலும் நிற்கும்போது ஒரே வார்ப்பு என்று சத்தியம் செய்யலாம்!

ஸ்பிரிங்ஃபீல்டு விளக்கை நாம் வாங்க முடியாது. நாச்சியார்கோயில் விளக்கை வாங்கலாம். அந்தப் பக்கம் போனால் கடையோடு நின்றுவிடாமல் பட்டறையையும் எட்டிப் பாருங்கள். வாங்குவதற்கு முன் விளக்கை முழுக்கக் கழற்றி மறுபடி பூட்டிக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் செய்து காட்டுவார்கள். பூட்டியதும் சமதளத்தில் வைத்து உச்சியை ஒரு விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். ஆடவில்லையா, பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.